போகிற போக்கில்

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? எதையாவது நம் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாலிசி எடுக்க, கிரெடிட் கார்டு வாங்க, சீட்டில் சேர, ஜிம்மில் மெம்பர் ஆக... 'சார், ரெண்டே நிமிஷம்' என்று போனிலேயே கெஞ்சுவார்கள். அதே பாலிசியை நிறுத்த வேண்டும், அதே கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ரெண்டு நிமிஷம் ரெண்டு மாசமாகிவிடும். வாசலில் கோலம் போட்டுக் கூப்பிட்டவர்களுக்கு, கொல்லைப்புறக் கதவின் சாவி எங்கே என்று மட்டும் தெரியாது.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். அங்கே கொஞ்சம் உற்றுப் பார்த்தால், மனிதர்களிடம் பார்க்கத் தவறிய சில விஷயங்கள் பளிச்சென்று தெரிகின்றன. அதனால் இந்த வாரம் கொஞ்சம் கம்ப்யூட்டர். பயப்படாதீர்கள், நானும் பி.காம்.தான்.

மென்பொருளில் ஒரு ரகம் இருக்கிறது. அதற்கு ஐகான் கிடையாது. ஜன்னல் கிடையாது. க்ளிக் செய்ய பட்டன் கிடையாது. கருப்புத் திரையில் அதன் பெயரை டைப் அடித்து என்டர் தட்டினால், வேலையை முடித்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும். கமாண்ட் லைன் கருவி என்பார்கள். வீடியோவிலிருந்து பாட்டை மட்டும் பிரித்தெடுக்க ஒன்று, ஆயிரம் போட்டோக்களை ஒரே அடியில் சின்னதாக்க ஒன்று, பெரிய ஃபைலைச் சுருக்கிக் கட்ட ஒன்று. நீங்கள் இதையெல்லாம் தொட்டதே இல்லை என்பீர்கள். இருக்கலாம். ஆனால், நீங்கள் தினமும் தொடுகிற இன்டர்நெட்டின் பின்கட்டில் அடுப்படி வேலை முழுக்க இவர்கள்தான் பார்க்கிறார்கள்.

இவர்களை உள்ளே கூப்பிட ஒரே ஒரு வரி போதும். வெளியே அனுப்பத்தான் சிக்கல். ஐகான் இருக்கிற மென்பொருள் போய்விட்டால் ஐகானும் மறைந்துவிடும். போனது கண்ணுக்குத் தெரியும். முகமே இல்லாத ஒருத்தர் வீட்டில் இருக்கிறாரா, போய்விட்டாரா, பாதி போய்ப் பாதி இருக்கிறாரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு மூன்று வீடுகளில் மூன்று விதமான வழக்கம் இருக்கிறது.

முதல் வீடு விண்டோஸ். 1995-ல் வந்த விண்டோஸ் 95-லிருந்தே, சேர்க்கவும் நீக்கவும் கன்ட்ரோல் பேனலில் ஒரு பட்டியல் உண்டு. ஆனால், பெரும்பாலான மென்பொருட்களுக்கு அந்தப் பட்டியல் வெறும் பெயர்ப்பலகைதான். 'நீக்கு' என்று அழுத்தினால் விண்டோஸ் என்ன செய்யும் தெரியுமா? அந்த மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த அன்-இன்ஸ்டாலரையே கூப்பிட்டு, 'நீயே உன் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பப்பா' என்று சொல்லும். 2020-ல் மைக்ரோசாஃப்ட் விங்கெட் என்று கருப்புத் திரைக்கே ஒரு கருவி கொடுத்தது. அதிலும் பல சமயம் நடப்பது இதுதான். விருந்தாளி நாணயமானவர் என்றால் சுத்தமாகப் போவார். இல்லையென்றால் பரணில் ஒரு பெட்டி, ரெஜிஸ்ட்ரியில் ரெண்டு வரி, வாசலில் பழைய விலாசம் என்று விட்டுவிட்டுப் போவார். எங்கள் பாஷையில் சொன்னால், கேஷியரே ஆடிட்டராகவும் இருக்கிற கம்பெனி.

இரண்டாவது வீடு லினக்ஸ். அதில் டெபியன் என்று ஒரு குடும்பம். 1993-ல் ஆரம்பித்தது. உபுண்டு எல்லாம் அதன் வாரிசுதான். இங்கே வீட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. எந்தக் கருவி உள்ளே வந்தாலும், அது கொண்டுவந்த ஒவ்வொரு ஃபைலும் எந்த அறையில் எந்த அலமாரியில் வைக்கப்பட்டது என்று வருகிற அன்றைக்கே ரிஜிஸ்டரில் எழுதிவிடுவார். ஏதோ ஒரு மூலையில் ஒரு ஃபைலைக் காட்டி 'இது யாருடையது?' என்று கேளுங்கள். இன்னாருடையது என்று உடனே பதில் வரும். போகும்போது ரிஜிஸ்டரைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து டிக் அடிப்பார். விருந்தாளியின் நாணயத்தை நம்பி இல்லை, வீட்டின் கணக்கை நம்பி நடக்கிற வெளியேற்றம். எனக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. பற்று இருந்தால் வரவு இருக்க வேண்டும் என்று மூன்று வருஷம் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார்களே.

மூன்றாவது வீடு ஆப்பிளின் மேக். அங்கே கமாண்ட் லைன்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது 2009-ல் வந்த ஹோம்ப்ரூ. 'வீட்டில் காய்ச்சுவது' என்று அர்த்தம். மதுரையில் இதைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், போலீஸ் வரும். இதன் வழி ஹாஸ்டல் வழி. ஒவ்வொரு கருவிக்கும் தனி அறை. பொது ஹாலில் 'இன்னார் இந்த அறையில்' என்று சீட்டு மட்டும் ஒட்டியிருக்கும். காலி செய்யும்போது அறையைக் காலி செய், சீட்டைக் கிழி, முடிந்தது. அது மட்டுமில்லை. ஒருவரை நீக்கச் சொன்னால், அவரை நம்பி இன்னொருவர் உள்ளே இருந்தால், 'அவருக்கு இவர் வேண்டும், நீக்க மாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

மூன்று வீட்டையும் பார்த்த பிறகு ஒன்று புரிகிறது. சுத்தமாகப் போவது என்பது போகிற அன்றைக்கு நடக்கிற காரியம் இல்லை. வந்த அன்றைக்கே நடந்திருக்க வேண்டிய காரியம். முதல் நாள் லிஸ்ட் எழுதாத வீட்டில், கடைசி நாள் சண்டை நிச்சயம்.

வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போது சுவரில் ஏற்கனவே இருந்த ஆணிகளை யார் எண்ணுகிறார்கள்? காலி பண்ணும்போது மட்டும் ஓனர் எண்ணுவார். அட்வான்ஸிலிருந்து ஒவ்வொரு ஆணியாகக் கழியும்.

*

2013 வாக்கில், கோரிப்பாளையத்தில் தேவர் சிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு சார்ஜர் வாங்கப் போயிருந்தேன். ஒரு காலேஜ் பையன் லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு வந்தான். அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011 செப்டம்பரில் தமிழக அரசு ஆரம்பித்த திட்டம் நினைவிருக்கும். ஆரம்பத் தவணைகளில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்கிற லினக்ஸும் சேர்ந்து வந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. முதலில் வெளிவந்தது 2007-ல்.

"அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. காலையில ஆன் பண்ணா வெறும் கருப்பா நிக்குது."

கடைத் தம்பி திரையைப் பார்த்தார். 'க்ரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி, பக்கத்தில் மினுக் மினுக்கென்று ஒரு கோடு.

"என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலண்ணே."

"ஒண்ணும் செய்யாம இது வராதுப்பா."

பையன் கொஞ்சம் தயங்கினான். "அந்த லினக்ஸ் சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சுண்ணே. நான் அதத் தொறந்ததே இல்ல. விண்டோஸ்ல இருந்துக்கிட்டே அந்த டிரைவ மட்டும் அழிச்சேன். அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா? வீட்டுச் சாவி எங்கிட்டு இருக்குன்னு பாக்காம ரூம இடிச்சுட்டு, அம்புட்டுத்தான்ங்குற."

பிறகு எனக்கும் சேர்த்து விளக்கினார். ரெண்டு சிஸ்டம் இருக்கிற லேப்டாப்பில், ஆன் செய்ததும் 'எதற்குள் போக வேண்டும்?' என்று கேட்கிற வாயில்காப்போன் பெயர்தான் க்ரப். அவர் நிற்பது பொது வாசலில். ஆனால், அவருடைய மூட்டை முடிச்செல்லாம் லினக்ஸ் அறையில் இருக்கிறது. அந்த அறையை அழித்ததும், காவலாளி வாசலில் நிற்கிறார், கையில் சாவிக்கொத்து இல்லை. உள்ளே விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது. பையனின் செமஸ்டர் ப்ராஜெக்ட்டும் பத்திரமாக இருக்கிறது. போய்ச் சேரத்தான் வழியில்லை.

தம்பி விண்டோஸ் சி.டி. போட்டு, ரிப்பேர் பகுதிக்குப் போய், இன்னொரு கருப்புத் திரையில் ரெண்டு வரி டைப் அடித்தார். வாசலில் பழைய காவலாளி போய்ப் புதுக் காவலாளி வந்தார். விண்டோஸ் எழுந்தது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் நினைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. தன் லேப்டாப், தனக்கு வேண்டாத ஒன்று, எடுத்துப் போடுகிறான். யாரைக் கேட்க வேண்டும்? சட்டப்படி யாரையும் கேட்க வேண்டாம். ஆனால், 'எனக்குப் பயன்படவில்லை' என்பதும் 'யாருக்கும் பயன்படவில்லை' என்பதும் ஒன்றா? நான் திறந்தே பார்க்காத அறையில்தான், நான் தினமும் நுழைகிற வாசலின் சாவி இருந்திருக்கிறது. ஆபீஸில் 'இந்த ஆள் என்னதான் வேலை பார்க்கிறார்?' என்று ஒருவரை அனுப்பிவிட்டு, மறுநாள் காலை கேட் திறக்காமல் நிற்கிற முதலாளிகளைப் பார்த்திருப்பீர்கள்.

*

சரி, எல்லாவற்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு போவதுதான் நல்ல வெளியேற்றமா? அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப்பிள்ளை வீட்டில் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

டெபியனில் ஒரு கருவியை அனுப்ப ரெண்டு வார்த்தைகள். ஒன்று 'ரிமூவ்'. இன்னொன்று 'பர்ஜ்'. ரிமூவ் என்றால் கருவி போகும்; ஆனால், சிஸ்டம் முழுமைக்குமான அதன் செட்டிங்ஸ் ஃபைல்கள் அப்படியே இருக்கும். நீங்கள் உட்கார்ந்து ராத்திரி முழுக்க மாற்றி மாற்றி எழுதிய அமைப்புகள் அதில் இருக்கலாம். அது உங்கள் உழைப்பு. நாளைக்கே அந்தக் கருவியை மறுபடி கூப்பிட்டால் எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும். 'இல்லை, அதுவும் வேண்டாம்' என்று நீங்களாகச் சொன்னால்தான் பர்ஜ். அப்போதும் உங்கள் சொந்த அறைக்குள், ஹோம் டைரக்டரி என்பார்கள், கணக்குப்பிள்ளை கை வைக்க மாட்டார். அது உங்களுடையது.

ஆக, விண்டோஸிலும் மிச்சம் கிடக்கிறது, டெபியனிலும் மிச்சம் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் குப்பை மாதிரிதான் தெரியும். ஒன்று அலட்சியத்தால் விட்ட மிச்சம். மற்றது மரியாதைக்காக வைத்த மிச்சம். எது எது என்று எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு அளவுகோல்தான். மிச்சம் இருக்கிறது என்று சொன்னார்களா, இல்லையா? மிச்சம் வைப்பது குற்றமில்லை. சொல்லாமல் வைப்பது குற்றம்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வருகிறார் என்றால், தல்லாகுளத்திலிருந்து ஆற்றுக்குப் போகிற வழியெல்லாம் மண்டகப்படி, தண்ணீர்ப் பந்தல். கால் நட ரோட்டில் குழி தோண்டுவார்கள். திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டு போகும்போது, குழியை மூடிவிட்டுப் போகிற பந்தல்காரர் உண்டு. மூட நேரமில்லாமல் ஒரு செங்கல்லையோ வேப்பங்கொப்பையோ அதில் நட்டுவிட்டுப் போகிறவரும் உண்டு. ரெண்டாவது ஆளையும் நான் மன்னிப்பேன். 'இங்கே குழி இருக்கிறது' என்று சொல்லிவிட்டுத்தானே போகிறார். ஒன்றும் சொல்லாமல் போகிறவரின் குழியில்தான் ராத்திரி டூவீலர் விழுகிறது.

சொல்லாமல் வருவது இன்னும் மோசம். 2005-ல் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் சில இசை சி.டி.க்களில் காப்பி அடிப்பதைத் தடுக்க ஒரு மென்பொருளை வைத்தது. பாட்டுக் கேட்கப் போட்டால், அது விண்டோஸுக்குள் புகுந்து தன்னையே மறைத்துக்கொள்ளும். அதே தந்திரத்தால் வைரஸ்களும் ஒளிந்துகொள்ள வசதியாகிவிட்டது. மார்க் ருஸினோவிச் என்ற வல்லுநர் அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் கண்டுபிடித்து வெளியிட்டார். பெரிய ரகளை. கம்பெனி 'இதோ நீக்கும் கருவி' என்று ஒன்று கொடுத்தது. அது அதைவிடப் பெரிய ஓட்டையைக் கம்ப்யூட்டரில் திறந்துவைத்தது. கடைசியில் சி.டி.க்களையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கேட்காமல் உள்ளே வந்தவரிடம் நாகரிகமான விடைபெறுதலை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நம் தமிழுக்கே நடந்த இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளிலும் 2000-த்தின் ஆரம்பத்திலும் கம்ப்யூட்டரில் தமிழ் எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு ஃபான்ட், ஆளுக்கொரு குறியீட்டு முறை. டாம், டாப், டிஸ்கி என்று ஏகப்பட்டது. அந்த ஃபான்ட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டால், நீங்கள் எழுதிய கதை, கவிதை, கணக்கு எல்லாம் கொக்கி கொக்கியாக, ரோமன் எழுத்துக் கலவையாக நிற்கும். போகிறவர் தன் சாமானை மட்டும் எடுத்துப் போகவில்லை. உங்கள் எழுத்தின் அர்த்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனார். தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றது பெரிய நிம்மதி. பழைய டிஸ்கி ஃபைல் யாரிடமாவது இருந்தால், லினக்ஸில் ஐகான்வ் என்கிற கமாண்ட் லைன் கருவி ஒரே வரியில் யூனிகோடாக மாற்றிக் கொடுக்கும். முகமில்லாத அந்த அடுப்படிக்காரர்களில் ஒருவர், எத்தனையோ பேரின் எழுத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறார்.

*

இதுவரை அனுப்புகிறவர் பக்கமே பேசினோம். போகிறவருக்கு உரிமை கிடையாதா?

2016 மார்ச் 22. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் தங்கள் கருவிகளைப் போட்டுவைக்கிற பொதுக் கிடங்கு என்.பி.எம். அதில் அஸெர் கோச்சுலு என்ற புரோகிராமர் நிறைய கருவிகளை இலவசமாகப் போட்டிருந்தார். ஒன்றின் பெயர் 'கிக்'. அதே பெயரில் இருந்த ஒரு கம்பெனி அந்தப் பெயரைக் கேட்டது. இவர் மறுத்தார். கிடங்கு நடத்துகிறவர்கள் பெயரைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். 'இந்த இடத்தில் இனி எனக்கு என்ன வேலை?' என்று அவர் தன்னுடைய 250-க்கும் மேற்பட்ட கருவிகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதில் ஒன்று லெஃப்ட்-பேட். வெறும் 11 வரி. ஒரு எழுத்துச் சரத்துக்கு இடதுபுறம் தேவையான அளவு இடைவெளி சேர்க்கும். இவ்வளவுதான் வேலை. ஆனால், அதை நம்பி ஒரு கருவி, அந்தக் கருவியை நம்பி இன்னொன்று, இப்படிச் சங்கிலியாகப் போய், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ப்ராஜெக்ட்கள் அன்றைக்கு இன்ஸ்டால் ஆகாமல் நின்றன. சில மணி நேரத்துக்குள் கிடங்குக்காரர்கள், எடுத்ததை எடுத்தவர் சம்மதம் இல்லாமலே திரும்ப வைத்தார்கள்.

யார் செய்தது சரி? எழுதியவர் அவர், காசு வாங்கவில்லை, அவமானப்பட்டதாக நினைத்தார், போனார். அவரைக் கட்டிப்போட யாருக்கு உரிமை? மறுபக்கம், அந்தச் சண்டைக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத ஆயிரம் பேர். அவர்கள் செய்த ஒரே காரியம், நம்பியது.

எங்கள் பி.காம். பாடத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932. பார்ட்னர்ஷிப்பைக் கலைத்தால் கணக்கு எந்த வரிசையில் தீர்க்க வேண்டும் என்று 48-ஆவது பிரிவு சொல்கிறது. முதலில் வெளியாட்களின் கடன். பிறகு, பங்குதாரர்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன். பிறகு அவரவர் போட்ட மூலதனம். கடைசியில் மிச்சம் இருந்தால் பங்கு. பார்த்தீர்களா, நம் கோபம் நம் இருவருக்குள். ஆனால், முதல் பணம் வெளியே நிற்பவனுக்கு. 45-ஆவது பிரிவு இன்னும் அழகு. கலைத்த பிறகும், பொது அறிவிப்பு கொடுக்கிற வரைக்கும் வெளியாட்களிடம் பங்குதாரர்களின் பொறுப்பு தொடரும். போகக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போ என்கிறது. உன்னை நம்பியவனுக்கு முதலில் தீர்த்துவிட்டுப் போ என்கிறது.

என்.பி.எம். கிடங்கும் பிறகு சட்டத்தை மாற்றியது. இப்போதைய விதிப்படி, போட்ட 72 மணி நேரத்துக்குள், உங்களை நம்பி வேறு யாரும் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நிபந்தனைகள் கூடும். காலம் போகப் போக, நம்பியவர்கள் சேரச் சேர, போவதற்கான சுதந்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

கடைசியாக ஒன்று. என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

டெபியனில் 'ஆட்டோரிமூவ்' என்று ஒரு கட்டளை உண்டு. நீங்கள் ஒரு கருவியைக் கூப்பிட்டால், அதற்குத் துணையாக நாலு பேர் கூடவே வருவார்கள். கணக்குப்பிள்ளை ரிஜிஸ்டரில், கூப்பிட்டவருக்கு எதிரே 'நாமே அழைத்தது' என்றும், மற்ற நாலு பேருக்கு எதிரே 'தானாக வந்தது' என்றும் குறித்துக்கொள்வார். நாளைக்கு அந்த முதல் ஆள் போய்விட்டால், 'இந்த நாலு பேரால் இனி யாருக்கும் பயனில்லை, அனுப்பிவிடலாமா?' என்று கேட்பார். ஆட்டோரிமூவ் என்று ஒரு வரி அடித்தால், நாலு பேரும் காலி. கம்ப்யூட்டருக்கு இது ரொம்பச் சரி. வட்டில் இடம் மிச்சம்.

நம் வீடுகளில் நாம் மனசுக்குள் வைத்திருக்கிற ரிஜிஸ்டர் எப்படி இருக்கிறது? அப்பாவுக்காக வந்த சித்தப்பா. மனைவிக்காக வந்த மாமியார். நண்பனுக்காகப் பழகிய நண்பனின் அம்மா. எத்தனை பேருக்கு எதிரே 'தானாக வந்தது' என்று எழுதிவைத்திருக்கிறோம்? நடுவில் இருந்த ஆள் போனதும், எவ்வளவு சுலபமாக ஒரு வரி அடித்துவிடுகிறோம்!

ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1785-லேயே எழுதிவைத்தார்: மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, அவனே ஒரு நோக்கம் என்று நடத்து என்று. கணக்குப்பிள்ளை வீட்டிலும் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. துணைக்கு வந்த ஒருவரைக் காட்டி, 'இவரை நான் அழைத்ததாகவே குறித்துக்கொள்' என்று சொல்லலாம். அதற்குப் பிறகு யார் போனாலும் ஆட்டோரிமூவ் அவரைத் தொடாது. ஒரே ஒரு குறி மாறுகிறது. அவர் இன்னாருக்காக வந்தவர் இல்லை, அவரே வேண்டும் என்று ஆகிவிடுகிறது.

கோரிப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் மகன் போய்விட்டான். பிள்ளை இல்லை. கருமாதி முடிந்ததும் வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒரு கூடமாக உட்கார்ந்து பேசினார்கள். "சின்னப் பொண்ணு... அவனே இல்லைன்னு ஆனப்பறம் அது இங்கிட்டு இருந்து என்ன செய்யப் போகுது? அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுருவோம்" என்றார் ஒரு பெரியவர். கெட்ட எண்ணத்தில் இல்லை. கணக்குப் பார்த்தார். அவனுக்காக வந்தவள், அவன் இல்லை, ஆகவே.

சட்டம் அவரைவிட முன்னால் போய்விட்டது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே, தகப்பனுக்கு முன்னால் இறந்துபோன மகனின் விதவை அந்த மாமனாருக்கு முதல் வகுப்பு வாரிசு. ஆனால், சட்டம் சொத்தில் பங்கு கொடுக்கும். அடுப்படியில் இடம் கொடுக்காது.

அந்த மாமியார் அதுவரை வாயே திறக்கவில்லை. எழுந்து வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவனுக்காக வந்தவதான். இல்லைங்கல. இப்ப எனக்கு வேணும். அவளுக்குப் போகணும்னு இருந்தா எப்ப வேணாலும் போகட்டும், வேற கல்யாணம் கட்டணும்னாலும் நானே முன்னால நின்னு செய்றேன். நாமளா அனுப்பக் கூடாது."

இதில் எனக்குப் பிடித்தது, 'இரு' என்று அவர் கட்டளை போடவில்லை. போகிற வழியைத் திறந்துவைத்துவிட்டுத்தான் கேட்டார்.

சில வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த வழியாகச் சாயங்காலம் போனால், வாசல் திண்ணையில் மல்லிகைக் குவியலை நடுவில் கொட்டிவைத்துக்கொண்டு ரெண்டு பேரும் பூக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பெண் இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறாள். வேலை முடிந்து நேரே இங்கேதான் வருகிறாள். வாசல் கதவு திறந்தேதான் கிடக்கிறது.